‘ங்க’ இல்லாத அறை

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு. மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அந்த வரிசையில் அடுத்ததாக வைத்துப் போற்ற வேண்டிய நிகழ்ச்சி, பெயின்ட் கம்பெனி ஒன்றின் நிர்வாக மேலாளர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு குத்துச்சண்டை கற்றுக்கொள்ளத் தீர்மானித்தது. தீர்மானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேசையிலிருந்து வெளியிடப்பட்டது. அவையில் இருந்தவர் ஒரே ஒருவர், அவருடைய மனைவி. அவளும் அப்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதையில் அவர் ‘அவர்’, மனைவி ‘அவள்’. அது அந்த வீட்டின் ஏற்பாடு. கதை அதில் தலையிடவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு ‘சர்க்குலர்’ என்று பெயர். முகத்துக்கு முன்னால் சார், முதுகுக்குப் பின்னால் சர்க்குலர். எதையும் வாயால் சொல்லித் திருப்தி அடைகிறவர் அல்ல அவர். கரண்டியைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போகிறவர்கள் குறித்து ஒரு சுற்றறிக்கை வரும். கழுவிய கரண்டியை எங்கே வைக்க வேண்டும் என்பது குறித்து இன்னொன்று. முந்தைய இரண்டையும் யாரும் படிக்கவில்லை என்பது குறித்து மற்றொன்று. மூன்றின் அடியிலும் கையெழுத்து, கையெழுத்துக்கு அடியில் பதவி, பதவிக்கு அடியில் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் எழுத யாருக்கும் உரிமை இல்லை.

“செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நானும் பாக்ஸிங் போறேன்” என்றார் சர்க்குலர்.

இஸ்திரிப்பெட்டி காலரின் மேல் நின்றது.

“எங்க?”

“நீ போற எடத்துக்குத்தான். வேற எங்க?”

“அங்கயா?”

“ஏன், நான் வரக் கூடாதா?”

“வாங்க. யாரு வேண்டாம்னா?”

‘யாரு வேண்டாம்னா’ என்ற சொற்றொடருக்கு ‘வேண்டாம்’ என்பதுதான் பொருள். கல்யாணமான ஆண்கள் எல்லாருக்கும் இது தெரியும். சர்க்குலர், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக எடுத்துக்கொண்டார். காலர் கருகும் வாசனை வந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து வரிசையாக வருகிற கைகளைப் பிடித்து, தட்டி, நரம்பைத் தேடி ஊசி குத்துவாள். எதிர்வரிசையில் பேக்கரி வைத்திருக்கும் பெண் ஒருநாள், “அக்கா, மாவு பிசைஞ்சு பிசைஞ்சு எனக்குக் கை மரத்துப்போச்சு. பயந்துட்டு வர்றவங்களையே குத்திக் குத்தி உனக்கும் சலிச்சுப்போயிருக்கும். வா, எங்கயாவது போய் நிம்மதியா குத்திட்டு வரலாம்” என்று இழுத்துக்கொண்டு போனாள். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. செவ்வாயும் வெள்ளியும் மாலையில் வகுப்பு. சர்க்குலர் அப்போது, “போயிட்டு வா, உடம்புக்கு நல்லது” என்றார். குழந்தையைத் தெருமுனை வரை சைக்கிள் ஓட்ட அனுப்புகிற குரலில் சொன்னார். அத்தோடு அந்த விஷயத்தை மறந்தும்போனார்.

மறுபடியும் நினைக்க வைத்தது மழை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மழை பிடித்துக்கொண்டது. அவள் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். சர்க்குலர் நல்ல மனிதர்தான். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, குடையோடு புறப்பட்டார். டயர் கடைக்குப் பக்கவாட்டில் இருந்த படியில் பாதி ஏறியபோது மேலேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

வீட்டில் அவள் சிரிக்காதவள் அல்ல. மகள் வெளியூரிலிருந்து போன் செய்தால் சிரிப்பாள். அவர் தமாஷ் சொன்னாலும் சிரிப்பாள், ரசீதில் முத்திரை வைக்கிற மாதிரி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக. இது வேறு ரகம். வயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சு முட்டி, நடுவில் ஒரு கீச்சுச் சத்தம் போட்டு, மறுபடி தொடங்குகிற சிரிப்பு. யாரோ ஒரு குஷியான பொம்பளை என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அந்தக் குஷியான பொம்பளை அவருடைய மனைவியாக இருந்தாள்.

அறையின் நடுவில் பல் டாக்டர் ஒருவர் தரையில் உட்கார்ந்து தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். 

“வலிக்காது, ஒரே நொடிதான்னு சொன்னியே!” என்றார் டாக்டர்.

“எல்லார்கிட்டயும் அதான் சொல்றேன். நம்புறது உன் தப்பு” என்றாள் அவள்.

“எனக்குப் பல்லு ஆடுது.”

“ஆடட்டும் விடு” என்றாள் பேக்கரிக்காரி. “டாக்டரைத் தேடி எங்கயும் போக வேண்டாம்ல.”

அவள் கையுறைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, மறுபடியும் அந்தக் கீச்சுச் சத்தத்தைப் போட்டாள்.

சர்க்குலர் குடையைக் கீழே டயர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். அவள் வந்ததும் கேட்டாள்: “குடை கொண்டுவந்தீங்களா? மேல வந்தீங்களா?”

“இல்ல.”

அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை அவர் நன்றி என்று படித்தார்.

டாக்டர் மேல் அவருக்குப் பொறாமை ஏற்படவில்லை; தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பவர் மேல் யாருக்கும் பொறாமை வராது. அவரைப் படுத்தியது அந்தச் சிரிப்பு. அது தனக்குக் கிடைக்க வேண்டும், ஒரே ஒரு முறையாவது தன்னால் கிளம்ப வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பல நாள் தூக்கம் கெட்டது. எங்காவது நல்லது நடந்தால் நிர்வாகிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அந்தக் கமிட்டியில் தானும் உறுப்பினராவது.

எனவே உறுப்பினராவதற்கு ஆயத்தமானார். கையுறை, காலணி, பல்லுறை, பளபளவென்று ஒரு மேலங்கி, எல்லாம் வாங்கினார். வீடியோக்களைப் பார்த்தார். பார்த்ததை அவளுக்கு விளக்கவும் செய்தார்.

“பாக்ஸிங்ங்கிறது அடிப்படையில ஒரு கணக்கு, தெரியுமா?”

“அப்படிங்களா?” என்றாள், டாக்டரை உட்கார வைத்தவள்.

செவ்வாய்க்கிழமை வந்தது.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. அதைக் கொண்டுவந்தவர் கோச். தொண்டை கட்டிப்போன குரலும் தட்டையான மூக்கும் உள்ளவர். பயிற்சியில் எதிராளியின் கை முகத்தைவிட்டு இறங்கினால், குத்துகிறவர் முதலில் ‘கையைத் தூக்கு’ என்று குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அது அவர் தலைவிதி. ஆரம்ப நாளில் பேக்கரிக்காரி மரியாதைக்குக் குறைவில்லாமல், “கையைத் தூக்குங்க டாக்டர்” என்றாள். அவள் ‘டாக்டர்’ வரைக்கும் வந்து சேர்வதற்குள் அவள் குத்து அவருடைய மூக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்று கோச் சொன்னார்: “இந்த ரூமுக்குள்ள ‘ங்க’ கிடையாது. சாரும் கிடையாது, மேடமும் கிடையாது. எல்லாரும் நீ, வா, போ. யாராவது ‘ங்க’ போட்டா பத்துத் தண்டால்.”

அதிலிருந்து டாக்டர் ‘பல்லு’ ஆனார். பேக்கரிக்காரி ‘பன்னு’. சர்க்குலரின் மனைவி, இடது கை போவதும் தெரியாது, வருவதும் தெரியாது என்பதால் ‘ஊசி’. வெளியே யார் யாராக இருந்தாலும், படியேறி வந்ததும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டபிறகு தொலைந்துபோயிருந்த ஏதோ ஒன்று அந்த அறையில் எல்லாருக்கும் திரும்பக் கிடைத்திருந்தது.

“உன் பேரு என்ன?” என்று கேட்டார் கோச்.

சர்க்குலர் பெயரைச் சொன்னார், இனிஷியலோடு. படிப்பைச் சொன்னார். பதவியைச் சொன்னார். கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலாக, “நான் இவங்களோட ஹஸ்பண்ட்” என்றார்.

அறை ஒரு நொடி தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டது.

“ஓ, ஊசி வீட்டு…” என்று ஆரம்பித்த டாக்டர், விழுங்கிக்கொண்டார். “மேடத்தோட சாரா? வாங்க சார். வாங்க. உக்காருங்க.”

அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியின் மேல் எச்சில் துப்புகிற வாளி இருந்தது. யாரோ வாளியை எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, நாற்காலியைச் சர்க்குலருக்குப் போட்டார்கள். குத்துச்சண்டை கற்க வந்தவர் உட்கார்ந்தார்.

“எவன்டா ‘ங்க’ போட்டது?” என்றார் கோச்.

டாக்டர் படுத்துத் தண்டால் எடுத்தார். எழுந்ததும் சர்க்குலரைப் பார்த்து, “சாரி சார்” என்றார். மறுபடி படுக்க வேண்டியதாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. ஊசி தன் சட்டையின் கீழ்விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

கயிறு தாண்டுதல் என்று ஒன்று உண்டு. கயிற்றுக்குச் சர்க்குலரின் கால்களை மிகவும் பிடித்துவிட்டது. விட்டுப் பிரியவே இல்லை. கையில் நீளத் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். அவர் சுற்றியதைப் பார்த்தால் தபாலில் அனுப்ப வேண்டிய பார்சல் போல இருந்தது. அவள் வந்து அதை அவிழ்த்து, கையைத் தன் மடியில் வாங்கி, விரலிடுக்கு, மணிக்கட்டு, கட்டைவிரல் என்று நிதானமாகச் சுற்றிவிட்டாள்.

“இறுக்கமா இருக்கா?”

“இல்ல.”

“மடக்கிப் பாருங்க.”

மடக்கிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர்கள் கையையெல்லாம் அவள் தினமும் இப்படிப் பிடிக்கிறாள் என்பதும், தன் கையை இப்படிப் பிடித்து வெகுகாலம் ஆகிறது என்பதும் ஒரே நேரத்தில் அவருக்கு உறைத்தன. அன்றைக்கு அந்த வகுப்பில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

வாரங்கள் போயின. சிரிப்பு மட்டும் வரவில்லை. இங்கே சிரிப்பு எப்போது தொடங்கும் என்று கோச்சிடம் கேட்க முடியாது. ஒருவேளை கோடைகாலத்தில் சிரிப்பு குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வெறுமனே இருக்க முடியாமல், வாசலில் காலணிகளை வரிசையாக விடுவது தொடர்பாக ஓர் அறிவிப்பு அச்சடித்து எடுத்துவந்து பின்சுவரில் ஒட்டினார்.

“அக்கா, வீட்லயும் இப்படித்தான் ஒட்டுவாரா?” என்று காதோடு கேட்டாள் பேக்கரிக்காரி.

அவள் கயிறு தாண்டப் போனாள். இப்போதெல்லாம் அவள் அங்கே அதிகம் பேசுவதில்லை. டாக்டரை ‘நீ’ என்று கூப்பிடும் முன் நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பார்த்ததும் கூப்பிடாமல் விட்டுவிடுவாள். தொளதொளவென்று ஒரு மேல்சட்டை போடத் தொடங்கியிருந்தாள். குத்தும் இளைத்துப்போயிற்று, தொங்கும் மணல்மூட்டையின் மேல் விழுவது, கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

“ஊசி, என்ன ஆச்சு உனக்கு? கை தூங்குதா?” என்றார் கோச்.

“கொஞ்சம் அசதி.”

“அசதி இல்ல, என்னமோ.” கோச் சுற்றிலும் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் விவரம் புரிந்திருக்க வேண்டும். அல்லது ஒன்றுமே புரியாமலிருந்திருக்க வேண்டும். “இன்னிக்கு நீயும் இவனும் ஜோடி.”

‘இவன்’ என்பது யார் என்று புரிய சர்க்குலருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அவர் கைகள் முகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு, சாப்பிட்ட பின் இளைப்பாறுகிறவரைப்போல மெல்ல இறங்கின.

“கையைத் தூக்குங்க” என்றாள். அவர் கையுறையின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

“‘ங்க’வா? படு.”

அவள் படுத்துத் தண்டால் எடுத்தாள். எழுந்தாள். கைகள் மறுபடி இறங்கின.

“கையைத் தூக்குங்க.”

“படு.”

மறுபடியும் எழுந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சர்க்குலருக்கு மனசு கேட்கவில்லை. பெருந்தன்மை பொங்கிற்று.

“பரவால்ல, நீ சும்மா சொல்லு. நல்லாவும் குத்து. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நான் பர்மிஷன் தர்றேன்.”

“எழுத்துல வாங்கிக்கக்கா” என்றாள் பேக்கரிக்காரி.

யாரோ செருமினார்கள். அவள் உதட்டின் ஓரம் ஒருமுறை துடித்தது. அவள் குதிகால்களை உயர்த்திக்கொண்டு நின்றாள். தோள் இறங்கி, முகவாய் உள்ளே போயிற்று. சர்க்குலர் அதுவரை கிட்டத்தில் பார்த்திராத ஒருத்தி எதிரே நின்று, அவர் கைகள் இறங்குவதற்காகக் காத்திருந்தாள். அவை இறங்கின.

“தூக்கு!”

அறை அதிர்ந்தது. சர்க்குலருக்குக் காது நன்றாகக் கேட்டது. ‘தூக்கு’ என்கிறாள், யாரிடமோ சொல்கிறாள். தன்னிடம் அவள் அப்படிச் சொல்வது இலக்கணத்திலேயே இல்லாத காரியம். ஆகவே வேறு யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை. காலணிகள் தொடர்பான அறிவிப்பு மட்டும் இருந்தது.

அவர் முகத்தைத் திருப்பவும் ஊசி மூக்கில் இறங்கவும் சரியாக இருந்தது.

டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டதுபோல இருந்தது. சர்க்குலரின் மேலுதட்டில் சூடாக ஏதோ வழிந்தது. அவள் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்கள் அகலமாயின. பிறகு கையுறைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

“திரும்பி… திரும்பிப் பாத்தீங்களே!” என்றாள். “யாரைச் சொல்றேன்னு… திரும்பிப் பாத்தீங்க!”

வயிற்றிலிருந்து வந்தது. மூச்சு முட்டியது. கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். கீச்சுச் சத்தமும் வந்தது. பேக்கரிக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் முகத்தை வாளிப் பக்கம் திருப்பிக்கொண்டார். எந்தச் சிரிப்புக்காகச் சர்க்குலர் பளபளக்கும் மேலங்கி வாங்கினாரோ அது ஒரு கை தூரத்தில், முழுக்க முழுக்க அவரால் கிளம்பி, அவருக்காகவே நடந்துகொண்டிருந்தது. அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் கூடச் சிரிப்பது. சிரிக்கக்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டு ரத்தத்தை வழியவிட்டிருந்தாலே போதும்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றார். “யாரைப் பாத்து ‘தூக்கு’ங்கற?”

இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது அவருக்குள் எப்போதும் தயாராகவே இருந்திருக்கிறது. வெளியே வந்தபோதுதான் அவருக்கும் தெரிந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. மீதிப் பாதி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் பல்லால் கடித்துக் கையுறையைக் கழற்றினாள். டாக்டரிடம் பஞ்சு கேட்டு வாங்கினாள். “அண்ணாந்து பாக்காதீங்க, முன்னால குனிஞ்சுக்கோங்க” என்றாள். மூக்கின் மென்மையான இடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். “வலிக்காது. ஒரே நொடிதான்.”

குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பரிசோதனை நிலையத்தின் வரிசையில் வருகிறவர்களுக்குக் கிடைக்கிற குரல் அவருக்கும் கிடைத்தது. இந்த முறை ‘ங்க’ போட்டதற்குக் கோச் தண்டால் எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த வகுப்பு நாள் மாலையில் அவள் பீரோவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

“கெளம்பலையா?”

“நீங்க போயிட்டு வாங்க.”

போனார். “மேடம் வரலீங்களா சார்?” என்று கேட்டார் டாக்டர். கேட்டுவிட்டு யாரும் சொல்லாமலே படுத்துத் தண்டால் எடுத்தார். பேக்கரிக்காரி அவரோடு பேசவில்லை. ஆனால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து, “நான் நின்னுடறேன். இனிமே நீ மட்டும் போ” என்றார்.

“எனக்கும் போதும்னு ஆயிடுச்சுங்க.”

“அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“எப்படி?”

“அதான்.”

“எனக்கு நெனவே இல்லீங்க” என்றாள். பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு இன்னொரு தட்டைத் துடைத்தாள். அவளுடைய கையுறைகள் எந்தத் தட்டிலும் இல்லை. பேக்கரிக்காரியிடம் கொடுத்துவிட்டாளாம்; பேக்கரியில் சூடான தட்டைப் பிடிக்க வசதியாக இருக்கிறதாம்.

அவர் விட்டுவிடவில்லை. ஒருநாள் காலையில் அவள், “காபி எடுத்துக்கோங்க” என்றபோது, வேண்டுமென்றே பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறாய் என்பதுபோல் சமையலறைச் சுவரைப் பார்த்தார். பிறகு சிரித்த முகத்தோடு அவள் பக்கம் திரும்பினார்.

“கழுத்து பிடிச்சிருக்கா? தைலம் தேச்சுவிடவா?” என்றாள்.

கடைசியாக, தம் வாழ்நாளில் வெளியிட்டவற்றிலேயே மிகத் தாராளமான அறிவிப்பை வெளியிட்டார். அச்சடிக்காமல், வாயாலேயே.

“இத பாரு. இனிமே வீட்லயும் ‘ங்க’ வேண்டாம். நீ, வா, போன்னே கூப்பிடு. நான் சொல்றேன்.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இருக்கவில்லை. நரம்பு கிடைக்காத கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“சரிங்க” என்றாள்.

இப்போது செவ்வாய், வெள்ளி மாலைகளில் இருவரும் டிவி பார்க்கிறார்கள்.